வேர்வை அடங்கும்வரை மூடியைத் தொடாதே

வைப்பின் தீவில் கருவாட்டுக் களத்தை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, உப்பு தின்று வெடித்த உள்ளங்கை இரண்டு. இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்தால் மீனோடு சேர்த்து என் கையையும் காயப்போட வேண்டியிருக்கும் என்று தோன்றியது, கிளம்பிவிட்டேன். அக்கரை போகிற ஜங்கார் படகில் ஏறியதும் என்னைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக மறுபக்கம் நகர்ந்தார்கள். அவ்வளவு கூட்டத்திலும் கையைக் காலை நீட்டி வசதியாக அக்கரை வந்து சேர்ந்தேன். போர்ட் கொச்சியில் இறங்கி மட்டாஞ்சேரிக்குள் நடந்தேன். ஒரு தமிழ்க்கார அக்கா முன்னறையை வாடகைக்கு விடுகிறார் என்று சாயாக்கடையில் சொல்லியிருந்தார்கள். வீட்டைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரது? அங்கேயே நில்லு. நெத்தோலியா, சாளையா?"

"ரெண்டும்தான் அக்கா" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணாவா? என்ட தெய்வமே!"

உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அதற்கு மேல் இன்னொரு தாழ்ப்பாள்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு செங்கல் சூளை, ஹோட்டல் மாவரைப்பு, பஸ் கழுவுவது என்று ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். பாம்புக்குப் பயந்தவர்கள், போலீசுக்குப் பயந்தவர்கள், பெண்டாட்டிக்குப் பயந்தவர்கள் எல்லோர் பக்கத்திலும் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். ஆனால் பயத்தையே முழுநேர உத்தியோகமாகப் பார்த்த ஆள் என்றால், இந்த மேற்குக் கடற்கரை முழுவதற்கும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற ஜிகினாக்கா ஒருவர்தான். சூரியன் வந்தால் அவருக்குப் பயம். வராமல் மேகம் மூடினால் அதைவிடப் பயம். எறும்புக்குப் பயம், எலிக்குப் பயம், தாளித்த கடுகுக்குப் பயம், கரண்ட் போய்விடும் என்று பயம், கரண்ட் போகாமலே இருந்தால் சேர்த்துவைத்து ஒரேயடியாகப் போய்விடும் என்று பயம். எல்லாம் சாக்லேட்டுக்காக.

ஜிகினாக்கா என்றதும் மினுமினு சேலையோடு யாரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்ற, சிரிப்பதற்குக்கூட முன்னும் பின்னும் பார்க்கிற மனுஷி. கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை. தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். சண்டை போடும்போது தமிழ் வரும், பயப்படும்போது மலையாளம் வரும், பயமே 'பேடி' ஆகிவிடும். சாயங்காலங்களில் உட்கார்ந்தால், சாக்லேட் சுற்றி வருகிற ஜிகினா காகிதத்தைத் தொடையில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் நீவிக்கொண்டே இருப்பார். நீவி முடித்தால் ஒரு சுருக்கம் இருக்காது, இப்போதுதான் மெஷினிலிருந்து வந்தது போல் பளபளக்கும். அதனால் அந்தப் பெயர். சாக்லேட்டை வாயில் வைக்காத ஒருவருக்கு அவ்வளவு ஜிகினா எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சாக்லேட் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்கள் அட்டைப்பெட்டியில் கயிறு கட்டிக் கொண்டுவருவது சோப்பு, தைலம், சாக்லேட். வந்த அன்றைக்கே தெருவில் வீட்டுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். மிச்சத்தை விருந்தாளிக்கென்று வைக்க வேண்டும். விருந்தாளி வரும்போது தட்டில் கல்ஃப் சாக்லேட் இல்லையென்றால், அந்த வீட்டு ஆள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குத் தகரக் கூரை. பங்குனி வெயில் கொளுத்துகிற மீன மாசத்து மத்தியானத்தில் அந்த வீடுகளில் சாக்லேட்டைக் கரண்டியால் ஊற்றலாம். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றால் பக்கத்திலேயே அயிலை மீன் குழம்புச் சட்டி. மறுநாள் கல்ஃப் சாக்லேட்டில் வைப்பின் மீன் ருசி அடிக்கும்.

ஜிகினாக்கா வீடு பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் பின்துண்டு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். உள்ளறைக்கு ஜன்னலே கிடையாது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். சுவருக்குள் ஊறிப்போன மிளகு வாசனை ஓடும்வரை சுண்ணாம்பை அடித்து அடித்து விரட்டியிருந்தார் அக்கா. தெருவே தன் சாக்லேட் டின்களைக் கொண்டுவந்து அந்த உள்ளறையில் ஒப்படைத்தது.

எனக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்தது ஒரு பெரிய கதை. தெருக்குழாயில் சலவைச் சோடாவும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் குளிக்கச் சொன்னார். குளித்துவிட்டு வந்து ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினேன். முகர்ந்தார்.

"சாளை போயிருச்சு. நெத்தோலி இருக்கு."

திரும்பப் போய் நெத்தோலிக்காகக் குளித்தேன். என் பையை மட்டும் உடனே சேர்க்கவில்லை. தெருமுனைக் கம்பத்தில் தொங்கவிட வேண்டியதாயிற்று. முதலில் காக்கைகள் வந்தன, பிறகு ஒரு பூனை அதன் கீழேயே குடித்தனம் வைத்தது. காற்று அடித்து மணம் போனதும் பூனை ஏமாற்றத்தோடு வேறு தெருவுக்குப் போனது. அதன் பிறகுதான் பை உள்ளே வந்தது.

என்னை மட்டும் அப்படிப் படுத்தினார் என்று நினைக்க வேண்டாம். காலையில் தெரு கூட்டிவிட்டு வருகிறவர் தானே மூன்று தடவை குளிப்பார். வேறு சேலை கட்டிய பிறகுதான் உள்ளறைப் பக்கம் போவார். சமையல் கொல்லைப்புறத்தில், அதுவும் காற்று கடல் பக்கம் வீசும்போது. புருஷன் எங்கே என்று ஒருநாள் கேட்டேன்.

"பீடியா சாக்லேட்டா, ஒண்ணைச் சொல்லுன்னு கேட்டேன். பீடின்னான். ஒண்ணு சொல்லணும், பொய் சொல்லாத மனுஷன்."

அந்த மனுஷன் இப்போது பாலக்காட்டில் நிம்மதியாகப் புகைத்துக்கொண்டிருக்கிறாராம்.

டின் வைப்பதில் அக்காவுக்கென்று ஒரு முறை இருந்தது. சாக்லேட்டைச் சுற்றியிருக்கிற ஜிகினா கிழியாமல் இருக்க வேண்டும். அதை நன்றாக அலசிக் காயவைத்த பருத்தித் துணியில் பொதிய வேண்டும். பிறகு பிஸ்கட் டின், இறுக்கமான மூடி, மூடியைச் சுற்றி ஒட்டு டேப். டின் இருக்கும் பெஞ்சின் நான்கு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும், எறும்புக்காக. குளிர்ந்த மாதங்களில் உள்ளறையே போதும். வெயில் ஏறினால் டின்னோடு அப்படியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். அந்த ஃபிரிட்ஜில் வேறு எதுவும் கிடையாது. நான் அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் மோரைக்கூட வெளியில் வைத்துப் புளிக்கப் புளிக்கத்தான் குடித்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை. டின்னை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் உடனே திறக்கக்கூடாது. கொச்சிக் காற்றின் ஈரம் பட்டு டின் மேலெல்லாம் வேர்க்கும். திறந்திருந்தால் உள்ளே சாக்லேட்டும் வேர்க்கும். அந்த வேர்வை காய்ந்தால் சாக்லேட் வெளுத்துப்போகும்.

"வேர்வை அடங்கற வரைக்கும் மூடியத் தொடாதே. தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்பார்.

தெருவில் எல்லோருக்கும் இது மனப்பாடம். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது போல, விருந்தாளி வருகிற நேரத்துக்கு முன்னாலேயே டின்னை வாங்கிப் போய் மேஜை மேல் வைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்து அது வேர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்துக் கிடங்கில் மிளகும் சுக்கும் வந்து இறங்கும். மூட்டையைத் தொப்பென்று போட்டால் தெருவே தும்மும். அங்கே சுமடு தூக்குகிறவர்களுக்குத் தலைவர் பௌலோஸ் சேட்டன். முதலாளிமாரே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அக்கா துடைப்பத்தோடு போய் எதிரே நின்றார்.

"சேட்டா, மூட்டைய மெதுவா இறக்கு. தூசி என் வீட்டுக்குள்ள வருது."

"சேச்சி, இது மட்டாஞ்சேரியல்லே? மிளகு மணக்காம பின்ன ரோஜாப்பூவா மணக்கும்?"

"சரி. நாளையிலேருந்து உங்க யூனியன் ஆபீஸ் வாசலை நீயே கூட்டிக்கோ."

மறுநாளிலிருந்து அவர்கள் மூட்டையை, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல இறக்கினார்கள். பௌலோஸ் சேட்டன் தும்மல் வந்தால் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்த் தும்மினார்.

கொசுப்புகை அடிக்க வந்தவரையும் விடவில்லை. அவர் அக்காவோடு வேலை பார்க்கிறவர்தான்.

"எங்க தெருவுல கொசுவே இல்ல, வேற இடம் பாரு" என்று சொல்லிக்கொண்டே, அவர் கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை அக்கா பட்டென்று அடித்தார். புகை போகிற வழியில் சாக்லேட் இருக்கிறதாம். அந்த மழைக்கு முன் எங்கள் தெருவில் கடிபடாத தோல் இல்லை. ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருடைய டின்னும் உள்ளே இருந்தது.

எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. வெளியே எங்காவது கூலி வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று மின்விசிறி நின்றால், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். எங்கள் தெருவிலும் போயிருக்குமோ?

அடுத்த மேட மாசத்தில், சித்திரை வெயிலில், ஒரு மத்தியானம் அப்படித்தான் போயிற்று. டிரான்ஸ்பார்மர் வெடித்ததாகச் சொன்னார்கள். நான் ஓடிவந்தபோது அக்கா ஃபிரிட்ஜின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், யாரோ வந்து கதவை உடைக்கப் போகிறார்கள் என்பது போல.

"திறக்காதே. பேசாதே. மூச்சை அந்தப் பக்கம் விடு" என்றார். "சைக்கிளை எடுத்துட்டுப் போய் ஐஸ் கொண்டா."

படகுத்துறைப் பக்கம் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். ஒரு பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டும்போது அங்கிருந்த மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க ஆளு வேணும். வர்றியா? கை மரத்துப்போகும், வேற குழப்பம், தொந்தரவு ஒண்ணும் இல்ல."

"ஏற்கெனவே ஒரு தடவை உப்புக்குக் கையைக் குடுத்துட்டேன் சேட்டா" என்று சொல்லி மிதித்தேன். வீடு வந்து சேர்ந்தபோது பாளத்தில் பாதி என் முதுகிலும் தெருவிலுமாகப் போயிருந்தது. மிச்சத்தை உடைத்துத் தட்டுகளில் போட்டு ஃபிரிட்ஜைச் சுற்றி வைத்தோம். செத்தவர் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருவரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒவ்வொரு தட்டாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனாப் போகுதுக்கா, சாக்லேட்டுதானே? எதுக்கு இப்படி?"

அக்கா தட்டில் உருகிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

"காலைல நான் தெருக் கூட்டறேன்ல? தாகத்துக்குத் தண்ணி கேட்டா, டம்ளர் என் கைல படாம மேலேருந்து ஊத்தற வீடு இப்பவும் இருக்கு. நம்ம தெருக்காரங்க அப்படியில்ல. அவங்க வீட்ல இருக்கறதுலயே பெரிய சாதனத்த, விலை கூடின பொருள, என் கைல குடுக்கறாங்க. அது கெட்டுப்போச்சுன்னு வை. சாக்லேட்டு கெட்டுப்போச்சுன்னா சொல்லுவாங்க? அவ கை பட்டுக் கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லுவாங்க. அதாண்டா எனக்குப் பேடி."

நான் மூச்சை அந்தப் பக்கம் விட்டேன்.

அந்த உள்ளறையில் இருந்த டின்களில் ஒன்று தங்க நிறம். எதிர்வீட்டுச் செல்வியுடையது. செல்வியின் புருஷன் முருகேசன் கல்ஃபில் இருந்தார். கடைசி லீவில் அந்த டின்னைக் கொண்டுவந்து தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனவர்தான். போன பிறகு அவருடைய கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். சம்பளம் இல்லாமல், யாரோ சிநேகிதன் அறையில் ஒண்டிக்கொண்டு வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். தெருவுக்கே இது தெரியும், யாரும் பேசுவதில்லை. மிச்சமிருந்த சாக்லேட்டைச் செல்வி தொடவில்லை. மகள் சிந்துவைப் பெண் பார்க்க வரும்போது தட்டில் வைக்க வேண்டும் என்று அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் கல்ஃப் என்று மிச்சமிருந்தது அந்த டின் மட்டும்தான்.

மழைக்கு முன்னால் திருப்பூணித்துறையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறித்தாகிவிட்டது. பையனைச் சிந்துவுக்கு ஏற்கெனவே தெரியும், பிடித்திருந்தது. பையனின் மாமாதான் துருவித் துருவிக் கேட்கிற ஆள் என்று சொன்னார்கள். செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி தட்டு பேசணும். போன மாசம் வந்த மாதிரி இருக்கணும். டின்னு நல்லாருக்கில்ல?"

"இருக்கு."

"உறுதியா அக்கா?"

"என் கைல குடுத்துட்டு என்கிட்டயே உறுதி கேக்கறியா?"

குரல் மட்டும் அதட்டலாக இருந்தது. அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அடிக்கடி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். என்னக்கா என்றால் "சும்மா" என்பார். உள்ளே சரசரவென்று ஜிகினா நீவுகிற சத்தம் கேட்கும்.

அந்தச் சமயத்தில் வைப்பினிலிருந்து கருவாட்டுக் களத்து முதலாளி ஆள் அனுப்பினார். இந்தத் தடவை உப்பில் கை வைக்க வேண்டாம், எடை போட்டால் போதும், கூலியும் கூட என்றார். ஒரே இடத்தில் இவ்வளவு நாள் இருந்ததே எனக்கு அதிகம். பெண் பார்க்கிற நாளுக்கு மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். அக்காவிடம் சொன்னேன்.

"போ" என்றார். "ஆனா அங்க போயிட்டு அந்தக் கருவாட்டு மணத்தோட இங்க வர முடியாது. தெரியும்ல?"

"தெரியும்க்கா."

அந்த நாளும் வந்தது. மேகம் மூடிப் புழுங்கியது. அக்கா டின்னைத் துணியில் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டார். நான் குடை பிடித்தேன். தெருவைக் கடக்கும்போது பௌலோஸ் சேட்டன் கையை உயர்த்தி ஒரு லாரியை நிறுத்தினார். சாமி புறப்பாடு போல எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். டின் வேர்த்தது. நாங்களும் வேர்த்தோம். டின்னுக்கு அடங்கிற்று, எங்களுக்கு அடங்கவில்லை. செல்வி மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். தங்க ஜிகினா, ஒரு சுருக்கம் இல்லை. செல்வி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பையனும், பையனின் அம்மாவும், அந்த மாமாவும் வந்து உட்கார்ந்தார்கள். மாமா கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பா எப்ப வர்றாரு?"

"லீவு கிடைக்கணும்" என்றாள் செல்வி.

"எந்தக் கம்பெனி?"

"சாக்லேட் எடுத்துக்குங்க."

"ஏதோ பெரிய கம்பெனின்னு கேள்விப்பட்டோம். இப்பவும் அங்கதானா?"

"எடுத்துக்குங்க, முதல்ல சாக்லேட் எடுத்துக்குங்க."

மாமா எடுத்தார். ஜிகினாவைப் பிரித்தார். உள்ளே இருந்தது சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பிரித்தார். அதுவும் வெள்ளை. மூன்றாவதைப் பிரிக்கவில்லை, தட்டிலேயே வைத்தார்.

அந்த வீட்டில் அப்போது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிற சத்தம் எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டது.

"இது எந்தக் காலத்துச் சாதனம்?" என்றார் மாமா. "ஆளு அங்க வேலையிலதான் இருக்காரா, இல்லையா? நேரா சொல்லுங்க."

செல்வி பிரித்துப் போட்ட ஜிகினாவை எடுத்துத் திரும்பச் சுற்றப் பார்த்தாள். அடுக்களை வாசலில் சாயாத் தட்டோடு வந்த சிந்து அங்கேயே நின்றுவிட்டாள். பையன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது என் கையால கெட்டது."

வாசலில் நின்ற அக்காதான். எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரு இவங்க?"

"எதிர்வீடு. கார்ப்பரேஷன்ல தெருக் கூட்டறேன். இந்தத் தெருச் சாக்லேட்டு மொத்தமும் என் வீட்லதான் இருக்கும். இவங்க குடுத்தப்போ இது நல்ல சாதனம். குளிர்ல இருந்தத எடுத்து உடனே திறந்தா வேர்த்து வெளுத்துப்போகும். எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். தெரிஞ்சும் தினம் தினம் திறந்து, பிரிச்சுப் பாத்துட்டு, பழையபடி சுத்தி வெச்சேன்."

"எதுக்குத் திறந்தீங்க?" என்று கேட்டார் பையனின் அம்மா. அதுவரை அவர் பேசியிருக்கவில்லை.

"பேடி."

"என்ன பேடி?"

"கெட்டுப்போயிருமோன்னு."

பையனின் அம்மா தட்டில் கிடந்த வெள்ளைச் சாக்லேட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது, பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுவது போலச் சிரித்தார். பையன் சிரித்தான். சிந்துவின் தட்டில் சாயா தளும்பியது. சிரிக்காதவர்கள் மாமாவும் அக்காவும் மட்டும்தான்.

"இதைத் தின்னலாமா?"

"தின்னலாம். பூசணம் இல்ல. வாயில கொஞ்சம் மணல் மாதிரி இருக்கும்."

அந்த அம்மா ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். "மணல் மாதிரிதான் இருக்கு" என்றார். இன்னொன்றும் எடுத்தார். மாமா கையில் ஒன்றை வைத்து, "வாயை மூடிட்டுத் தின்னு" என்றார். என்னையும் கூப்பிட்டு ஒன்று கொடுத்தார். அதை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரும் அங்கருந்து வெறுங்கையோட திரும்பி வந்தவர்தான். நிச்சயத்துக்கு சாயா போதும், கேட்டீங்களா? கல்ஃப் வேண்டாம்."

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நல்ல அழுகை.

தெருவைக் கடந்து வரும்போது அக்காவிடம் மெல்லச் சொன்னேன். "செல்விக்காக ஒரு பொய்யைச் சொல்லி நல்லா சமாளிச்சீங்க அக்கா."

"பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குடா இவ்வளவு பயப்படறேன்?" என்றார். "எல்லா டின்னையும்தான் திறப்பேன்."

அப்போதுதான் எனக்கு அந்த ஜிகினாவெல்லாம் விளங்கியது.

செய்தி எங்களுக்கு முன்னால் தெருவைச் சுற்றி வந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சும்மாதான்க்கா, வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க" என்றார்கள். ஒரே சாயங்காலத்தில் தெருவில் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி வருகிற அதிசயம் அன்றைக்குத்தான் நடந்தது. பெஞ்ச் காலியானது, கீழ்த்தட்டு காலியானது. கடைசி டின் போன பிறகு அக்கா ஃபிரிட்ஜ் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். அந்தக் கதவு அவ்வளவு நேரம் திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை. பயப்படுவதற்கு ஒன்றுமில்லாத ஜிகினாக்காவைப் பார்த்தபோது எனக்குத்தான் பயமாக இருந்தது.

என் பை கட்டித் தயாராக இருந்தது. சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நீட்டினேன்.

"அக்கா, இதை வெச்சிருங்க."

"வெளுத்த சாதனம். இதை வெச்சு என்ன செய்ய?"

"கெட்டதுதானே? இனிமே கெடாது. பயமில்லாம வெச்சிருக்கலாம்."

"யாரு சொன்னா? மணம் பிடிக்கும். எறும்பு வரும்." கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. ஜிகினாவைத் தொடையில் வைத்து நீவினார், துணியில் பொதிந்தார், ஒரு பெரிய டின்னைத் தேடி எடுத்து அதற்குள் அந்த ஒன்றை வைத்து மூடினார். ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினார்.

"எப்ப வேணும் உனக்கு?"

"கேக்கும்போது குடுங்க."

"சத்தியமா திறந்து பாக்க மாட்டேன்."

"என்னோடதுதானே அக்கா. தினமும் பாருங்க."

மறுநாள் காலையில் ஜங்கார் வைப்பினுக்குப் புறப்படுவதை நின்று பார்த்தேன். பிறகு படகுத்துறைப் பக்கம் திரும்பி நடந்து ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கை மரத்துப்போகிற வேலை, கருவாட்டை விடக் கூலியும் குறைச்சல். ஆனால் ஐஸுக்கு வாசனை கிடையாது.